பதிமூன்று இஞ்சுக்குள் அடங்காத பொய்

சீ, என்ன நாற்றம்!

பாயா தெருபோங்கில், விபத்துக் கார்களை இழுத்துவரும் அந்த டவ் லாரிக்காரனின் முற்றத்துக்குள் காலை வைத்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். நொறுங்கிய கார்கள், மழைத்தண்ணீர் தேங்கிய டயர்கள், அதற்குள் கொசு. அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கிரீஸ் படிந்த விரல்களாலேயே நாசி லெமாக் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான் முற்றத்துக்காரன்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. பதினோரு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கார்களை நோண்டியவள் நான். மனிதர்கள் எதற்கெல்லாம் பொய் சொல்வார்கள் என்று பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் அந்த வேலையை விட்டேன். விட்டு என்ன புண்ணியம்? ஜார்ஜ்டவுனில் ஒரு மாடி அறையைப் பிடித்து ‘காமினி துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டினேன். அதே பொய்கள் இப்போது படியேறி என்னிடமே வருகின்றன.

“பாஸ், மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படி துப்பறியிறது?” என்றார் ஹக்கீம் அண்ணே.

என் உதவியாளர். வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருஷம் கேமரன் மலைக்கு பஸ் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துவிட்டது. வாய் மட்டும் தேயவே இல்லை.

“நம்ம கார், அந்தக் கெலிசாக் காடி எதுன்னு பாருங்க அண்ணே. நாலு மணிக்குப் பழைய இரும்பு லாரி வந்து தூக்கிட்டுப் போயிடும்.”

“அதோ. மூஞ்சி உடைஞ்ச வெள்ளைக் கெலிசா. இருபது வயசுக் காடி. பாவம், கல்யாணம் ஆகாமலே போய்ச் சேந்துடுச்சு.”

நான் சிரிக்கவில்லை. காலையில் எட்டு மணிக்கு என் அறையில் வந்து உட்கார்ந்த வள்ளியம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நின்றது.

வள்ளியம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாலேக் பூலாவில் வீடு. சிறுநீரகம் கெட்டுப்போன மூன்று வயசாளிகளை வாரத்துக்கு மூன்று நாள் தன் கெலிசாவில் ஏற்றிக்கொண்டு, துன் சார்டோன் மலைப்பாதையில் ஏறி இறங்கி, இந்தப் பக்கம் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் கொண்டுவந்து விடுவார். அதுதான் அவர் பிழைப்பு. ஒன்பது நாளைக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கும்போது கடைசி வளைவில் பிரேக் பெடல் தரையோடு தரையாகப் போய்விட்டது. காடி கம்பித் தடுப்பில் போய் மோதியது. பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான். முன் இருக்கையில் இருந்த காஜா மொய்தீனுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மனிதர் இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து மயக்கத்தில் கிடக்கிறார்.

அரை மணி நேரம் கழித்து வந்த இந்த டவ் லாரிக்காரன் பெடலை மிதித்துப் பார்த்தானாம். கல்லு மாதிரி கெட்டியாக இருந்ததாம். ‘ஆன்ட்டி தூங்கிட்டாங்க’ என்றான். அந்த வார்த்தை பெட்ரோல் நிலையத்திலிருந்து கோயில் வாசல்வரை ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு, நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்டு.

“குற்றத்தை ஒத்துக்கச் சொல்லி என் மகன் சொல்றான்” என்றார் வள்ளியம்மா. “ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமாம். லைசனை எடுத்துடுவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அது போனாப் போகட்டும்மா. எனக்கு ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சு சொல்லுங்க. நான் தூங்கிட்டேனா, இல்லியா?”

“உங்களுக்குத் தெரியாதாக்கா?”

“மிதிச்சேன்னுதான் நெனச்சேன். ஆனா ஒன்பது நாளா எல்லாரும் தூங்கிட்ட, தூங்கிட்டன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா கால் தானா மிதிக்குது தங்கச்சி. ஒரு மனுசனை நான் தூங்கியே முடமாக்கிட்டேனா?”

ஒரு பெண் தன் காலையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு நான் கோப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அப்படியே கிளம்பிவிட்டேன்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. விபத்துக்கு மூன்று வாரம் முன்னால்தான் வள்ளியம்மா அந்தக் காடிக்குப் புது பிரேக் போட்டிருந்தார். அதுவும் பெரிய பிரேக். வழி சொன்னவர் காஜா மொய்தீன்தான், அந்தக் காலத்தில் லாரி பழுது பார்க்கும் போமனாக இருந்தவர். ‘புதுக் காடி வாங்க வேணாம். உன் கெலிசாவுக்கு மைவி காடியோட முன் பிரேக் சேரும். பழைய காடியை வெட்டி விக்கிற பொட்டோங் கடையில் மலிவா கெடைக்கும். பெரிய தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கப் பெரிய கேலிப்பர், அது உள்ளே நுழைய பதினாலு இஞ்ச் ரிம், நல்ல பேட், புது ஹோஸ், புது எண்ணெய். அலங்காரத்துக்கு ஒரு காசு செலவு பண்ணாதே’ என்றாராம். மனிதர் தங்கமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எட்டு மாசம் மிச்சம் பிடித்து, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பொட்டோங் கடையில், வெட்டிப் போட்ட கார்களுக்கு நடுவே நின்று வள்ளியம்மாவே பொறுக்கி எடுத்திருக்கிறார். அங்கே பணம் கட்டியதும் வாங்குபவர் பெயரைச் சாமானிலேயே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்துவிடுவார்கள், வேறு யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. கடைக்காரர் இரண்டு கேலிப்பரிலும் ஆங்கிலத்தில் ‘வள்ளி’ என்று எழுதினார். வள்ளியம்மா அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கி, அதற்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டார். எந்தப் புதுச் சாமானுக்கும் அவர் அப்படித்தானாம்.

அதையெல்லாம் மகன் யுகேந்திரனிடம் கொடுத்தார். அவன் போமனிடம் கொண்டுபோனான். மறுநாள் காடி வீட்டுக்கு வந்தது, ரிம்முக்குள் சிவப்பாகக் கேலிப்பர் தெரிந்தது. வள்ளியம்மா தொட்டுக் கும்பிட்டுவிட்டு மலையேறினார்.

“பாஸ், இங்க வாங்க” என்றார் ஹக்கீம் அண்ணே.

நெளிந்த பானெட்டை ஒரு கம்பியால் நெம்பித் திறந்திருந்தார். பிரேக் எண்ணெய்க் குப்பி எப்படியோ உடையாமல் தப்பியிருந்தது. அவர் மூடியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்தார். துணி கறுப்பாக வந்தது.

“மூணு வாரத்துக்கு முன்னாடி மாத்துன எண்ணெயா இது? நல்ல எண்ணெய் தேன் கலர்ல இருக்கணும். இது பால் ஊத்தாத கோப்பி-ஓ. சர்க்கரைதான் கொறையுது.”

“மாத்தவே இல்லையா?”

“பல வருசமா மாத்தலை. பழைய பிரேக் எண்ணெய்ல தண்ணி சேந்திருக்கும். மலையில மிதிச்சுக்கிட்டே எறங்குனா சூட்டுல அது கொதிச்சிடும். உள்ள குமிழி வந்துச்சுன்னா பெடல் தொப்புன்னு விழுந்துடும். நான் கேமரன்ல பாத்திருக்கேன், நாப்பது பேரோட.” அவர் துணியை மடித்துப் பானெட்மேல் வைத்தார். “ஆறுனதும் குமிழி போயிடும். பெடல் பழையபடி கெட்டியாயிடும்.”

“அப்போ அரை மணி கழிச்சு டவ் லாரிக்காரன் மிதிச்சது?”

“அவன் மிதிச்சது ஆறின பெடலை. அவன் சொன்னது ஆறின பொய்.”

அப்படியானால் வள்ளியம்மா தூங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டில் இது மட்டும் போதாது. நான் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, அந்தப் பதிமூன்று இஞ்ச் ரிம் இடைவெளியில் கைவிட்டு அந்தச் சிவப்புக் கேலிப்பரைத் தொட்டேன். அது என் கையோடு வந்துவிட்டது.

பிளாஸ்டிக்!

நிஜக் கேலிப்பருக்கு மேலே ஒட்டும் பொம்மை மூடி. பாதி உருகி, கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. உள்ளே வந்ததும் மூக்கில் ஏறியது இந்த நாற்றம்தான். அதற்குப் பின்னால் துருப்பிடித்த பழைய சின்னக் கேலிப்பர். பிரேக் பேடு இரும்புவரைக்கும் தேய்ந்திருந்தது. காற்றுப்பட்டு ஆற வேண்டியதை இந்தச் சனியன் பிடித்த மூடி வேறு போர்த்தி வைத்திருக்கிறது.

“த்தூ!” என்றேன். அதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு சத்தம். குட்டியான நீல நிறக் கஞ்சில் கார் ஒன்று சீறிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது. வந்த வேகத்துக்கு ஹக்கீம் அண்ணேயை இடித்துத் தள்ளிவிடும் என்றே நினைத்தேன். அவருடைய தேய்ந்த முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில், ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லாமல், நட்டுவைத்ததுபோல் நின்றது.

“யா அல்லா! என்னா பிரேக்குலா தம்பி!” என்றார் ஹக்கீம் அண்ணே. பயப்படவில்லை, ரசித்தார். பஸ்காரர் புத்தி.

இறங்கியவன் யுகேந்திரன். இருபத்தாறு வயது, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கையில் மூன்று பொட்டலம் தே ஆயிஸ், ஐஸ் போட்ட டீ. எங்களுக்கும் சேர்த்தே தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்திருந்தான்.

“அக்கா, வெயிலா இருக்கு, குடிங்க. அம்மா உங்களைப் பாக்க வந்தது எனக்குத் தெரியும். அவங்க மனசு சரியில்லைக்கா. விடுங்க, நாளைக்கு ஒத்துக்கிட்டா நிம்மதியா முடிஞ்சிடும். இந்தக் காடியைப் பாத்தாலே அழறாங்கன்னுதான் இரும்புக்குப் போட ஏற்பாடு பண்ணிட்டேன்.”

நான் கையில் ஒட்டியிருந்த சிவப்பு மூடியைத் தூக்கிக் காட்டினேன். அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது, பிறகு சிவந்தது.

“என்னாக்கா இது? பிளாஸ்டிக்கா? அந்தப் போமன் ஏமாத்திட்டானா? நான் நல்ல சாமானா குடுத்தேனே!” சட்டைப் பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து நீட்டினான். “பாருங்க, ஜெலுத்தோங்குல முகம்மது கனி ஒர்க்‌ஷாப். முன் பிரேக் மாத்துனதுக்கு, எண்ணெய் மாத்துனதுக்கு எல்லாம் சீல் அடிச்சு வாங்கியிருக்கேன்.”

நான் பில்லை வாங்கினேன். தே ஆயிஸை வாங்கவில்லை. அவன் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனதும், ஹக்கீம் அண்ணே தாடையைச் சொறிந்தார்.

“பாஸ், எனக்கு ஒரு சந்தேகம்.”

“என்ன?”

“எனக்கு ரெண்டு மகனுங்க. ஒருத்தனும் சோத்துக் கடை பில்லைக்கூட வாசல் தாண்டி வச்சிருந்ததில்லை. இவன் என்னாடான்னா ஒரு மாசத்துப் பில்லை நெஞ்சோட சேத்து வச்சிருக்கான்.”

ஜெலுத்தோங்குக்குப் போகும் வழியெல்லாம் என் விரலில் அந்தப் பிசுக்கு போகவே இல்லை. டிஷ்யூ பேப்பரில் துடைத்தால் பேப்பர் ஒட்டிக்கொண்டது.

முகம்மது கனியின் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். திருட்டுப் போமனுடைய இடம் இவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது. ஸ்பேனர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்கின. மனிதருக்கு அறுபது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. பில்லைக் காட்டினேன்.

“என் கையெழுத்துதான். நான் செஞ்ச வேலைதான்” என்றார். “என் கை பட்ட பிரேக். என் பேரப்பிள்ளையை அதுல ஒக்கார வச்சு மலையில இருந்து எறக்குவேன்.”

“அப்படியா?” என்று அந்தச் சிவப்பு மூடியை அவர் மேசைமேல் பொத்தென்று போட்டேன். “அப்போ இதுவும் உங்க கை பட்டதுதானா?”

அவர் அதை ஸ்பேனர் நுனியால் புரட்டினார். முகம் சுளித்தது. “சீ! இதை எடுங்க மொதல்ல. என் மேசையில வைக்காதீங்க. இதை ஒட்டுனவன் போமன் இல்லை, பொம்மைக் கடைக்காரன்.”

“இந்த பில்லுக்கு வந்த காடியிலதான் அண்ணே இது இருந்துச்சு. அந்தக் காடியில ஒரு மனுசனுக்கு இடுப்பு போயிடுச்சு. ஓட்டுன அம்மா நாளைக்குக் கோர்ட்டுல நிக்கப்போறாங்க.”

“இருக்கவே முடியாது! நான் போட்டது மைவி கேலிப்பர். எண்ணெயைச் சொட்டு விடாம எறக்கிட்டுப் புதுசு ஊத்துனேன். பதினாலு இஞ்ச் ரிம்மும் மாட்டி அனுப்புனேன்.”

எனக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்தது. “ரிம்மையும் மாத்துனீங்களா?”

“பின்ன? பதிமூணு இஞ்ச் ரிம்முக்குள்ள அந்தக் கேலிப்பர் போவவே போவாதே!”

“எட்டாம் நம்பர் காலை ஏழாம் நம்பர் சப்பாத்துல விட்ட கதைதான்” என்றார் ஹக்கீம் அண்ணே.

“கனி அண்ணே,” என்றேன் மெதுவாக, “அந்தக் காடியில இன்னிக்கும் பழைய பதிமூணு இஞ்ச் ரிம்தான் இருக்கு.”

“எந்தக் காடியில?”

“வெள்ளைக் கெலிசாவுல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அழுக்குத் துணியில் துடைத்தார். அந்தத் துணியால் துடைத்தால் இன்னும் அழுக்காகும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“நான் வெள்ளைக் கெலிசாவைத் தொட்டதே இல்லையேம்மா.”

பில்லைத் திருப்பிப் பார்த்தேன். வேலை எழுதியிருந்தது, தேதி எழுதியிருந்தது, சீல்கூட நேராக இருந்தது. காடி நம்பர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. காலையிலிருந்து அது என் கையில்தான் இருந்தது. பதினோரு வருஷ அனுபவம்! எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“நம்பர் எழுத வேணாம்னு அந்தத் தம்பிதான் சொன்னான்” என்றார் கனி. “எனக்கென்னா, வேலை செஞ்சேன், காசு வாங்குனேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. கேலிப்பர்ல மஞ்சள் பெயிண்ட்ல எழுத்து இருந்துச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட தின்னர் கேட்டு வாங்கி, அவனே ஒக்காந்து தொடைச்சான்.”

“முழுசாவா?”

“இல்லை. ரெண்டு கேலிப்பர்லயும் எழுத்துக்கு மேல இருந்த ஒரு குறியை மட்டும் விட்டுட்டான். தொடைக்கத் துணியைக் கொண்டு போனான், அப்படியே கையை எடுத்துட்டான். ஏன்டான்னு கேட்டேன். சிரிச்சான். நீங்களே போய்ப் பாருங்கம்மா, சொன்னாப் புரியாது.”

மேசைமேல் இருந்த மூடியை நான் எடுத்துக்கொண்டேன். “உங்களை எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுப்பீங்களா அண்ணே?”

“இப்பவே குடுக்குறேன். பேனா இருக்கா?”

மூன்றரை மணிக்கு மறுபடியும் அதே முற்றம், அதே நாற்றம். இந்தத் தடவை வள்ளியம்மாவும் எங்களோடு வந்திருந்தார். வழியில் அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? பழைய இரும்பு லாரி முன்னதாகவே வந்து நின்றது. சங்கிலியை எடுத்து மாட்டக் குனிந்தவனை ஹக்கீம் அண்ணே தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இருங்கலா. பொணத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க பாக்கணும்ல?”

கஞ்சிலும் முன்னதாகவே வந்து ஒரு ஓரமாக நின்றது. யுகேந்திரன் சிரித்துக்கொண்டே வந்தான். “அம்மா, நீங்க ஏன் வந்தீங்க? வெயில்ல!”

“தம்பி, உங்க காடி பிரேக்கை ஹக்கீம் அண்ணே காலையில இருந்து புகழ்ந்துக்கிட்டே இருக்காரு” என்றேன். “சும்மா ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா?”

சிரிப்பு அப்படியே நின்றது. “அதுல என்னாக்கா பாக்க இருக்கு? என் சொந்தக் காசுல வாங்குனது.”

“நான் யார் காசுன்னு கேக்கவே இல்லையே.”

நான் கஞ்சிலின் முன் சக்கரத்தருகே உட்கார்ந்தேன். பதினாலு இஞ்ச் ரிம். கைப்பேசி வெளிச்சத்தை இடைவெளியில் காட்டினேன். உள்ளே பெரிய கேலிப்பர், ரிம்மை உரசாமல் ஒரு விரல் இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் மஞ்சளாக ஒரு தேய்ப்பு, தின்னர் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எழுத்தை அழித்த அடையாளம். அதற்கு மேலே, ஒரு கோடுகூடக் கலையாமல், பளிச்சென்று ஒரு பிள்ளையார் சுழி.

“அக்கா, இங்க வந்து பாருங்க.”

வள்ளியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லாரிக்காரன் சங்கிலியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“இது நான் போட்டது” என்றார்.

“உங்க பேரை தின்னர் வச்சு அழிச்சிருக்கான்” என்றேன். “சுழியை அழிக்க மட்டும் கை வரலை. சாமி குத்தம் ஆயிடும்ல? பெத்தவ பேருக்குத்தான் பயம் இல்லை. உங்க பிரேக்கையும் ரிம்மையும் எடுத்து இவன் காடிக்குப் போட்டுக்கிட்டான். உங்களுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக்கை ஒட்டி அனுப்பியிருக்கான். எண்ணெயைக்கூட மாத்தலை. மூணு நோயாளிங்களை ஏத்திக்கிட்டு நீங்க மலையில எறங்கப்போறீங்கன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான். இன்னிக்கு நாலு மணிக்கு அந்தக் காடியும் போயிட்டா, நாளைக்கு நீங்களும் ஒத்துக்கிட்டா, கதை முடிஞ்சது.”

“அம்மா, கொஞ்ச நாளைக்குத்தான்மா!” யுகேந்திரன் முன்னால் வந்தான். “கூட்டாளிங்களோட மலையில ஓட்டுறதுக்கு நல்ல பிரேக் இல்லாம ரெண்டு தடவை தப்பிச்சேன். பயமா இருந்துச்சும்மா. போனஸ் வந்ததும் உங்களுக்கு வேற வாங்கி மாட்டிடலாம்னு இருந்தேன். நீங்க மெதுவாத்தானே ஓட்டுவீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

இவனுக்குப் பயமாம்! வாழ்க்கையில் எத்தனையோ கேவலமான சாக்குகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு மலிவானதைக் கேட்டதில்லை.

வள்ளியம்மா அழவில்லை. கைப்பையைத் திறந்து, காடியை இரும்புக்குப் போடக் கையெழுத்துப் போட்டிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

“லாரியைப் போகச் சொல்லுங்க தங்கச்சி. காடி இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் கோர்ட்டுல நான் ஒத்துக்கப்போறதில்லை. காடியைச் சோதிச்சுப் பாருங்கன்னு கேக்கப்போறேன்.”

“அம்மா! சோதிச்சா என் பேர் வரும்மா. என்னைப் பிடிச்சிடுவாங்க. வேலை போயிடும்!”

“உன் பேரை நானா போய்ச் சொல்லமாட்டேன்டா. அவங்க கேட்டா மறைக்கவும் மாட்டேன்.” கையை நீட்டினார். “சாவியைக் குடு.”

அவன் கொடுத்தான். ஒன்பது நாளாக ஸ்டியரிங்கைத் தொடாத பெண் கஞ்சிலில் ஏறி உட்கார்ந்தார். இருக்கையை முன்னால் இழுத்தார். பெல்ட் மாட்டினார். பெடலை ஒரு தரம், இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். பிறகு முற்றத்தின் கோடிவரை பின்னால் போய் நின்றார்.

“பாஸ்,” ஹக்கீம் அண்ணே குரலைத் தாழ்த்தினார், “அவங்க எங்க போறாங்க?”

கஞ்சில் உறுமியது. வந்தது. நேராக மகனைப் பார்த்து வந்தது. நான் அலறிவிட்டேன். யுகேந்திரன் கால் எடுக்கவும் தோன்றாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் காடி நின்றது.

வள்ளியம்மா கண்ணாடியை இறக்கினார்.

“பாத்தியாடா? நான் மிதிச்சா நிக்குது. அன்னிக்கும் என் கால் இங்கதான் இருந்துச்சு. நான் தூங்கலை.”

யுகேந்திரன் முகத்திலிருந்து கையை இறக்கினான்.

“தள்ளி நில்லு,” என்றார் வள்ளியம்மா. “ஆஸ்பத்திரியில பாக்கவிடுற நேரம் ஆயிடுச்சு. காஜா அண்ணன்கிட்ட இதைச் சொல்லணும்.”